ஜெராக்ஸ் எடுத்த காலம்

1987-இல் ப்ளஸ் டூ முடித்த கையோடு, லால்குடி தாலுகா ஆபீசை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுவட்டாரத்தில் அப்போது அந்த மாதிரிக் கடைகள் அதிகம் கிடையாது. பூவாளூர், புள்ளம்பாடி, அன்பில் பக்கத்திலிருந்தெல்லாம் மஞ்சள் பைக்குள் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். கடை வாசலில் பெயின்டர் எழுதிய தகரப் பலகை: ‘இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்’. உள்ளே இருந்த மெஷின் கேனான். அந்த முரண்பாட்டை யாரும் கவனித்ததில்லை, கேட்டதும் இல்லை. எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் எங்கள் ஊருக்கு அது ஜெராக்ஸ்தான்.

முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மெஷினைத் தொட விடுவதற்கு முன்னால் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான். “தம்பி, இங்க வர்ற ஒவ்வொரு காகிதமும் ஒரு குடும்பத்தோட சோறு. அசல் எந்தக் கையிலேருந்து வந்துச்சோ அந்தக் கையிலயே திரும்பப் போகணும். அதுக்கப்புறந்தான் காசு வாங்கணும்.” கடையில் கூட்டம் நெருக்கும்போதும் அந்த வரிசை மாறாது. முதலில் அசலைக் கொடுப்போம், பிறகு நகலைக் கொடுப்போம், கடைசியில்தான் கல்லாப்பெட்டி திறக்கும்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு எங்கள் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் தன் நிலத்தின் தாய்ப்பத்திரத்தை, ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்ட உறவினர் ஒருவரிடம் நம்பிக் கொடுத்தார். அது திரும்பி வரவே இல்லை. பத்திர எண்ணும் சரியாகத் தெரியாது, எழுதிய வருஷமும் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, பழைய புத்தகங்களைத் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டி, பதிவு செய்யப்பட்ட நகலை வாங்குவதற்குள் அவர் தளர்ந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரு ஏழை விவசாயிக்குத் தன் பத்திரத்தின் இன்னொரு படி வீட்டில் இருப்பது நினைத்துப் பார்க்க முடியாத வசதி. காகிதம் ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கியிருக்கும்.

படிப்புச் சான்றிதழ்களின் கதையும் அப்படித்தான். வேலைக்கு மனுப் போட வேண்டுமென்றால் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போக வேண்டும். கார்பன் தாள் வைத்து அடித்துத் தருவார்கள். மேலே ‘உண்மை நகல்’ என்று ஒரு தலைப்பு. கார்பனில் மூன்றாவது நான்காவது தாள் மங்கலாகத்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் போக வேண்டும். எங்கள் அக்கா எஸ்எஸ்எல்சி முடித்த வருஷம், அவள் கணக்கு மார்க்கில் ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. மறுபடி அடித்துக்கொண்டு போனால் அவர் லீவில் போயிருந்தார். பச்சை மைக் கையெழுத்துக்கும் வட்ட முத்திரைக்கும் அவள் நடந்த நடையை வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

ஜெராக்ஸ் வந்ததும் அந்தப் பிழைக்கு இடமில்லாமல் போயிற்று. மனிதக் கை நடுவில் வராததால் 68 என்று இருந்தால் 68 என்றே வரும். அதிகாரிகளும் வரிவரியாகப் படித்துப் பார்க்கும் வேலை குறைந்ததால் சீக்கிரம் கையெழுத்துப் போட்டார்கள். பிற்பாடு 2014-இல், விண்ணப்பிப்பவரே கையெழுத்திட்ட நகல் போதும் என்ற முறையை மத்திய அரசு தன் துறைகளில் ஊக்குவித்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் நான் முதலில் போன் செய்தது அக்காவுக்குத்தான்.

கடையில் எங்களுக்குப் பேசும் மொழியே தனி. “ரெண்டு செட் போடுங்க”, “பேக் டு பேக் எடுங்க”, “லீகல்ல வேணும்”, “கொஞ்சம் டார்க்கா வைங்க”. வயதானவர்கள் போட்டோ பிடிப்பதோடு சேர்த்து, “ஜெராக்ஸ் புடிக்கணும் தம்பி” என்பார்கள். எடு, போடு, பிடி என்று எங்கள் வினைகளையெல்லாம் அந்தச் சொல்லோடு கட்டிப் போட்டுக்கொண்டோம். அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருக்கும் பையனைப் பார்த்து, “அப்படியே அப்பன் ஜெராக்ஸ்” என்று சொல்கிற அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் கதை வேறு. அங்கே அந்தச் சொல் தானே நேராக வினையாக நின்றது, அகராதியிலும் ஏறியது. பெயருக்கு உரிய கம்பெனிக்கு அது பெரிய கவலை. ஒரு வணிகப் பெயரை ஊரே பொதுச் சொல்லாகப் பேசத் தொடங்கிவிட்டால் அதன்மேல் உள்ள சட்ட உரிமை போய்விடக்கூடும். அதனால் தன் பெயரை வினையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தே கேட்டுக்கொண்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே வேலைக்கு ‘போட்டோஸ்டாட்’ என்ற பழைய மெஷினின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்களிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் கடை மெஷினின் மேல் கண்ணாடி இடமும் வலமுமாக நகரும். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே வாசலில் நிற்பார்கள். வெளியே வரும் தாள் இளஞ்சூடாக இருக்கும். கருப்புத் தூளும் சூடான காகிதமும் கலந்த அந்த வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசர் முனகும். சூடு போதாமல் எழுத்து சரியாக ஒட்டாது, விரலால் தேய்த்தால் கையோடு வரும். அந்த மாதிரித் தாளை அண்ணன் கிழித்துப் போடுவாரே தவிர, யாரிடமும் கொடுத்துக் காசு வாங்க மாட்டார்.

மெஷின் படுத்துக்கொண்டால் திருச்சியிலிருந்து மெக்கானிக் வருவார். டிரம்மை வெளியே எடுத்ததும் கதவைச் சாத்தச் சொல்வார். அதன்மேல் வெளிச்சம் படக்கூடாது. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையில் நாலு தடவை இழுத்து, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகள் மேல் காட்டினார். துணுக்குகள் எழும்பி ஒட்டிக்கொண்டன. “இதுதான் தம்பி மொத்த வித்தையும்” என்றார். இருட்டில் டிரம்மின்மேல் மின்னேற்றம் ஏற்றுகிறார்கள். கண்ணாடியில் கவிழ்த்து வைத்த தாளின்மேல் வெளிச்சம் பட்டுத் திரும்பி டிரம்மில் விழுகிறது. தாளில் வெள்ளையாக இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் வருவதால் அங்கே மின்னேற்றம் வடிந்துவிடும். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் தங்கும். அந்த இடத்தில் டோனர் தூள் போய் ஒட்டும். அங்கிருந்து புதுத் தாளுக்கு மாறி, கடைசியில் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். ஈரம் கிடையாது, மை கிடையாது. கிரேக்க மொழியில் உலர்ந்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது.

இதைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் பற்றிப் பிறகு கல்லூரி நூலகத்தில் படித்தேன். வறுமையில் வளர்ந்தவர். நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை. விவரக் குறிப்புகளுக்குப் படிகள் எப்போதும் தட்டுப்பாடு. மறுபடி டைப் அடிக்க வேண்டும், இல்லையென்றால் செலவு செய்து போட்டோ எடுக்க வேண்டும். கண் பார்வை மட்டம், மூட்டுவலி வேறு. 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியா என்ற பகுதியில் ஒரு வாடகை அறையில் அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் சேர்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். பிறகு ஒரு வகைத் தாவரத் தூளைத் தூவி ஊதியதும் எழுத்து தெரிந்தது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் அதுதான்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பெரிய பெரிய கம்பெனிகளின் படியேறினார். இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் வேண்டாம் என்றார்கள். 1944-இல் பேட்டல் என்ற ஆய்வு நிறுவனம் கை கொடுத்தது. பிறகு ரோச்செஸ்டர் நகரில் போட்டோ காகிதம் செய்துகொண்டிருந்த ஹாலாய்டு என்ற சிறு கம்பெனி துணிந்து இறங்கியது. 1959-இல் வந்த 914 என்ற மெஷின்தான் அலுவலக உலகத்தையே மாற்றியது. கிட்டத்தட்ட 300 கிலோ எடை. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள்வரை படியெடுக்கும் என்பதால் அந்தப் பெயர். கார்ல்சனுக்குப் பெரும் பணம் வந்தது. அதில் பெரும்பகுதியை 1968-இல் இறப்பதற்குள் தானமாகக் கொடுத்துவிட்டார். இந்தியாவில் 1983-இல் மோடி ஜெராக்ஸ் வந்த பிறகுதான் நகரத்துத் தெருக்களில் இந்தக் கடைகள் முளைத்தன. சில வருஷத்தில் லால்குடிக்கும் வந்து சேர்ந்தது.

கடையில் நான் கற்றதில் பெரியது பழைய பத்திரங்களைக் கையாளும் விதம். ஒரு நாள் அன்பிலிலிருந்து ஒரு அம்மா வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தால் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத் தாள். நாலாக மடித்து மடித்து மடிப்புகள் இற்றுப் போயிருந்தன. மகனுக்கும் பங்காளிகளுக்கும் வழக்கு; வக்கீல் பார்க்க வேண்டும் என்றாராம்.

அண்ணன் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே வாங்கினார். முதலில் கையைத் துடைத்துக்கொண்டார். தாளை இழுத்து விரிக்காமல் மேசைமேல் வைத்து, மடிப்பு மடிப்பாகத் திறந்தார். அது லீகல் சைஸைவிடப் பெரியது. எங்கள் மெஷினில் சிறிதாக்கும் வசதி இல்லை. அதனால் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாக எடுத்தார்; நடுவில் இரண்டு வரி இரண்டிலும் வருகிற மாதிரி. அப்போதுதான் இடையில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று யாரும் சரிபார்க்கலாம். தாள் மெலிசானதால் பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க ஒரு வெள்ளைத் தாளை முதுகில் வைத்தார். பழுப்பேறிய காகிதம் முதல் தடவை கரேலென்று வந்தது. வெளிச்சத்தைக் கூட்டினார். இப்போது எழுத்து தெளிந்தது, ஆனால் கீழே அந்த அம்மாவின் மாமனார் வைத்திருந்த கைநாட்டு காணாமல் போனது. நீல மையென்றால் அந்தக் கால மெஷின்களுக்குக் கண் தெரியாது.

“எழுத்துதான் விழுந்திடுச்சே அண்ணே, போதாதா?” என்றேன்.

“கைநாட்டு இல்லாத பத்திரம் எதுக்குடா?” என்றார். வெளிச்சத்தை இடைநிலையில் வைத்து மறுபடி எடுத்தார். ரேகை ரேகையாக இல்லாவிட்டாலும் பெருவிரல் அடையாளம் பதிந்தது. மூன்று தடவை எடுத்ததற்கும் ஒரு தடவைக்கான காசைத்தான் வாங்கினார். கிளம்பும்போது அந்த அம்மாவிடம், “வக்கீல்கிட்ட இதைக் குடுங்க ஆத்தா. அசல் கோர்ட்ல ஜட்ஜ் கேட்டாத்தான். வேற யார் கேட்டாலும் இதுதான்” என்று நகலைத் தொட்டுக் காட்டினார். எங்கள் தாத்தாவுக்கு இந்த வார்த்தையைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.

அதே அண்ணன் சில வேலைகளைச் செய்யவே மாட்டார். ரூபாய் நோட்டை வைத்து விளையாட்டாக எடுத்துக் கேட்பவர்களைத் திட்டி அனுப்புவார். பரீட்சைக்கு பிட் எடுக்க வரும் பையன்களுக்கும் கடையில் இடம் கிடையாது. பொதுத்தேர்வு நாட்களில் மையத்துக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைகளை மூடச் சொல்வதை இப்போதும் செய்தியில் பார்க்கிறோம். மற்றபடி மே, ஜூன் மாதங்களில் ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் என்று கடை திணறும். காசு குறைவாக இருக்கும் பிள்ளைகளிடம் அண்ணன் கணக்குப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தச் சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தேன். வரலாறு பாடம். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்கள் நூலகத்தில் ஒரு படிதான் இருக்கும். விலையோ எங்கள் வீட்டு மாத மளிகைச் செலவைத் தாண்டும். தேவையான அத்தியாயங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஒரே படியை நண்பர்கள் நாங்கள் மாற்றி மாற்றிப் படித்தோம். பதிப்பில் இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்களும் அப்படித்தான் கைக்குக் கை வந்தன. ஒரு பேராசிரியரிடம் இருந்த பழைய பதிப்பு ஒன்று, படியிலிருந்து படியாக எங்கள் வகுப்பு முழுக்கச் சுற்றியது. எழுத்து மங்கிய இடங்களில் யாரோ பேனாவால் திருத்தியிருந்ததும் சேர்ந்தே நகலாகி வந்தது.

படியெடுத்துக் காப்பது நம் மரபுக்குப் புதிதில்லை. ஓலைகளைச் செல்லரிக்கும் முன்னால் புது ஓலையில் எழுதி வைத்தவர்களால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடி, படியெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். படியெடுக்க ஆளில்லாத வீடுகளில் பழைய ஏடுகள் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டன. எங்கள் ஊர்ப்பக்கக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் எத்தனை நூல்கள் போயினவோ.

2012-இல் டெல்லி பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி என்ற சிறு போட்டோகாப்பி கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, என் ஸ்பைரல் பைண்டிங் நாட்கள் நினைவுக்கு வந்தன. பாடத்திட்டத்துக்கான பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தது குற்றம் என்பது அவர்கள் வாதம். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்காகக் கொடுத்திருக்கும் விலக்கு இதற்கும் பொருந்தும் என்றது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த விலக்கின் அடிப்படையை ஏற்றது. மறு வருஷம் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அதே சமயம், கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிற புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் போடுவது எழுதினவர் வயிற்றில் அடிப்பது. பாடத்துக்கு வேண்டிய பகுதியை எடுப்பது வேறு, புத்தகத்தையே எடுத்துக்கொள்வது வேறு.

2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்ததும் நகல் என்பது கேட்டு வாங்கும் உரிமையாகிவிட்டது. அரசாங்கத்தின் கோப்பில் இருக்கும் தாளுக்கு, ஏ4 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய் கட்டி, சான்றளிக்கப்பட்ட நகலை எந்தக் குடிமகனும் கேட்கலாம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. அண்ணன் கடையில் சொன்னதைத்தான் இவர்களும் சட்டமாகவும் உத்தரவாகவும் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது போனிலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறோம். ஜெராக்ஸ் கடைகளும் ஆன்லைன் மனு, பிரிண்ட் அவுட், லேமினேஷன் என்று மாறிவிட்டன. ஆனாலும் ஆதார் நகல் கேட்காத இடமில்லை. அந்தக் கடையில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதைப் பிரிக்க முடியாது. ஜெராக்ஸ் தாள்களைப் பளபளக்கும் பிவிசி உறைக்குள் வருஷக்கணக்கில் வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; காகித உறையே போதும். அடையாள அட்டை நகலைக் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுப் பத்திரத்தின் எண், வருஷம், பதிவு செய்த அலுவலகம் மூன்றையும் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரியும்படி எழுதி வையுங்கள். கேட்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், பார்ப்பதற்கு என்றால் நகலைக் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.